ஊறுகாய் பாட்டிலில் எட்டுக்கால் பூச்சி

எங்கள் பக்கத்தில் யாரையாவது ஏதாவது கடித்துவிட்டால் முதலில் கடித்ததைத்தான் தேடுவார்கள். கடிபட்டவர் ஓரமாக உட்கார்ந்து கையையோ காலையோ பிடித்துக்கொண்டிருப்பார். வீட்டிலுள்ள மற்ற அத்தனை பேரும் விறகைப் புரட்டிக்கொண்டும் வைக்கோலைக் கிளறிக்கொண்டும் இருப்பார்கள். பாம்பென்றால் அடித்து உரச்சாக்கில் சுருட்டி, தேளென்றால் தீப்பெட்டியில் அடைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூடவே எடுத்து வருவார்கள். பூச்சி கையில் இல்லாமல் போனால் டாக்டர் சரியான மருந்து கொடுக்க மாட்டார் என்று எவரோ எப்போதோ சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் நர்ஸ். வில்லியனூர்ப் பக்கம் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். என் மேஜைமேல் வைக்கப்பட்ட செத்த ஜந்துக்களை வரிசையாக அடுக்கினால் பள்ளிக்கூடக் கண்காட்சியே நடத்தலாம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று கூட வேலை செய்பவர்கள் சொல்வார்கள். வரட்டுமே. வர வேண்டிய இடத்தில் வராமல் போன கோபத்தால்தான் ஆட்கள் செத்துப்போகிறார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மழைக்காலத்தில், என் அண்ணி சாகக் கிடந்தாள். எட்டுக்கால் பூச்சி கடித்துச் சாகக் கிடந்தாள் என்று ஊரில் இன்றைக்கும் சொல்கிறார்கள். பூச்சிமேல் பழியைப் போடுவது சுலபம், அது திரும்பிப் பேசாது. அவளைச் சாகக் கிடத்தியது நாங்கள். அதை எழுதி முடிக்காமல் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்காது.

அண்ணன் வீடு பாகூர் தாண்டி கரையாம்புத்தூர் போகிற வழியில் இருக்கிறது. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு, இரண்டு கறவை மாடு. பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். மாட்டு வேலை முழுக்க அண்ணியுடையது. மழை விட்டால் போதும், கரும்புக் கொல்லை வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் குந்திப் புல் அறுத்துக்கொண்டிருப்பாள். முழங்கால் உயரப் புல்லில் உட்கார்ந்தால் தலை மட்டும்தான் தெரியும். அவளுக்கு என்னைவிட இரண்டு வயதுதான் அதிகம். ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு ஐம்பது தாண்டியும் நான் பாப்பாதான்.

அன்றைக்குக் காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கியிருக்கிறாள். போருக்குள் கையை விட்டதும் சுரீரென்று ஏதோ கடித்திருக்கிறது. கையை உதறியபோது உள்ளங்கை அகலத்துக்கு, மயிர் மயிராக ஒரு எட்டுக்கால் பூச்சி கீழே விழுந்து ஓடியிருக்கிறது. அண்ணன் அதைத் துரத்திப் பிடித்து, செருப்பால் ஒரு தட்டு தட்டி, எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதற்குள் போட்டு மூடிவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான். அத்தனை நேரமும் அண்ணி மாட்டுத்தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

எங்கள் ஆஸ்பத்திரியில் அன்றைக்குத் தடுப்பூசி நாள். ஒரு பக்கம் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தன. போட்டோ அனுப்பு என்றேன். கையை ஒரு போட்டோவும் பாட்டிலை நாலு போட்டோவும் அனுப்பினான். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு சிவப்புப் புள்ளி, சுற்றிலும் வீக்கம். அவனிடமும் பேசினேன், அண்ணியிடமும் பேசினேன். சோப்புப் போட்டுக் கழுவு. துணியில் சுற்றி ஐஸ் வை. கையைத் தொங்கப் போடாதே. வலிக்கு பாராசிட்டமால் போடு, டிடி ஊசி போட்டுக்கொள். கீறாதே, சுண்ணாம்பு தடவாதே, இறுக்கிக் கட்டாதே. வாந்தியோ சதைப் பிடிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு. எட்டுக்கால் பூச்சிக் கடிக்கு இதற்குமேல் நான் மட்டுமல்ல, யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் இதில் செய்வதற்கு அவ்வளவுதான் இருக்கிறது. பாம்புக் கடிக்கு இருப்பதுபோல் எட்டுக்கால் பூச்சிக் கடிக்கு நம்மிடம் விஷமுறிவு ஊசி கிடையாது. பெரும்பாலும் தேவையும் படாது. வலிக்கும், வீங்கும், அரிக்கும், பெரிய ஜாதிப் பூச்சியாக இருந்தால் சதை பிடித்து இழுக்கும், வியர்க்கும். வலியைக் குறைத்து, ஆளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். இதைச் சொன்னால் ஜனங்களுக்குக் கோபம் வருகிறது. "விஷத்துக்கு ஊசி போட மாட்டன்னா அப்பறம் நீ இன்னாத்துக்கு இங்க குந்தி இருக்கற?" என்று ஒருவர் என் மேஜையைத் தட்டிக் கேட்டிருக்கிறார். அவர் கையோடு கொண்டு வந்திருந்தது கரப்பான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டுக்கால் பூச்சி கடித்துவிட்டது என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை எட்டுக்கால் பூச்சி தொட்டுக்கூட இருக்காது. சீழ்க்கட்டி, அக்கி, சொறிந்து புண்ணானது, சர்க்கரை நோயில் ஆறாத காயம், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். வீட்டுச் சுவரில் எப்போதும் ஒரு பூச்சி இருக்கிறது. உடம்பில் எப்போதாவது ஒரு புண் வருகிறது. இரண்டையும் முடிச்சுப் போட ஆள் தேவையா என்ன.

ஆனால் அண்ணியைக் கடித்தது நிஜமாகவே எட்டுக்கால் பூச்சி. அதுதான் எங்கள் எல்லாருடைய கண்ணையும் மறைத்தது.

மறுநாள் கை வீக்கம் பாதி வடிந்துவிட்டது. அதற்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. அப்போது அண்ணன் எனக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தங்கை ஐஸ் வை என்று சொன்னதை அவன் வைத்தியம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் வாட்ஸ்அப் குழுவில் பாட்டில் படத்தைப் போட்டிருக்கிறான். இது ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்த ஜாதி, கடித்தால் ஏழு நாளில் சதை அழுகும் என்று ஒரு மேதாவி எழுதியிருக்கிறார். அந்த ஆள் ஆஸ்திரேலியாவை வரைபடத்தில் காட்டட்டும், நான் வேலையை விட்டுவிடுகிறேன். உடனே அண்ணன் அண்ணியை பைக்கில் ஏற்றி, பாட்டிலைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, பக்கத்து ஊர் விஷக்கடி வைத்தியரிடம் போய்விட்டான்.

அங்கே ஒரு பரீட்சை உண்டு. எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். வேப்பிலையை மெல்லக் கொடுப்பார்கள். கசந்தால் விஷம் இல்லை. கசக்காவிட்டால் விஷம் உடம்பில் ஏறிவிட்டது. அண்ணிக்கு அப்போது நல்ல காய்ச்சல். இரண்டு வேளை சாப்பிடவில்லை, நாக்கில் மாவு பூசினாற்போல வெள்ளை படர்ந்திருந்தது. அந்த நாக்கில் வேப்பிலை என்ன, எட்டிக்காய் வைத்தாலும் தெரிந்திருக்காது.

"கசக்குதாம்மா?"

"ஒண்ணும் தெரியலியே."

போதாதா? வைத்தியர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஆண் பூச்சி, அதனால் விஷம் மெதுவாகத்தான் ஏறும் என்றார். கையில் பச்சிலையை அரைத்துக் கட்டி, கறுப்புக் கயிறு மந்திரித்துக் கட்டினார். ஐந்து நாள் பத்தியம். உப்பு கூடாது, புளி கூடாது, தாளிப்பு வாசம்கூட மூக்கில் ஏறக் கூடாது. குளிக்கக் கூடாது, உடுத்திய துணி மாற்றக் கூடாது, ஊசி போடவே கூடாது. இத்தனை கூடாதுகளையும் அண்ணன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்தான்.

காய்ச்சலில் கிடப்பவளுக்கு உப்பில்லாக் கஞ்சி. வாந்தி எடுத்ததால் அதுவும் தங்கவில்லை. பூச்சி கடித்த ஐந்தாம் நாள் காலையில்தான் எனக்குப் போன் வந்தது.

"பாப்பா, உங்கண்ணி எய்ந்திருக்க மாட்டறா. கண்ணுலாம் மஞ்சளா இருக்குது."

"எத்தினி நாளா காய்ச்சல்?"

"மூணு நாளு இருக்கும். விஷம் எறங்கும்போது அப்பிடித்தான் இருக்குமாம்."

நான் போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்த தாய்மார்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள் என்று ஆயாம்மா பிறகு சொன்னார். இந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, நானும் நேராக அங்கே வந்துவிடுகிறேன் என்றேன். சரி என்றான். சரி என்றவன் வழியில் ஒரு தனியார் கிளினிக் வாசலில் 'பாம்பு, தேள், பூச்சிக்கடிக்குச் சிகிச்சை அளிக்கப்படும்' என்ற போர்டைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டான். அந்த டாக்டரும் பாட்டிலைப் பார்த்தார். அண்ணியின் கையைப் பார்த்தார். அலர்ஜி ஊசி ஒன்று, வேறு ஏதோ ஊசி ஒன்று, ஒரு பாட்டில் குளுக்கோஸ். மதியம்வரை அங்கேயே படுக்க வைத்திருந்தார்கள். அண்ணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார். சீட்டில் முதல் வரி: சிலந்திக் கடி.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் போய் அண்ணியைப் பார்த்தேன். உதடு வெடித்து, கண் மஞ்சளாகி, மூச்சு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்திருந்தன. டெங்கு இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஈரல் கெட்டிருக்கிறது, சிறுநீரகமும் கெடலாம், தீவிரச் சிகிச்சைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று ஒரு டாக்டர் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு பாட்டிலை நீட்டினான்.

வாங்கிப் பார்த்தார்கள். மருத்துவம் படிக்கிற பிள்ளைகள் ஆறேழு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பாட்டில் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போனது. செல்போனில் படம் எடுத்தார்கள். கால்களை எண்ணினார்கள். என்ன ஜாதி என்று இரண்டு பேர் வாக்குவாதம் செய்தார்கள். ஒருத்தி மூடியைத் திறந்து முகர்ந்துகூடப் பார்த்தாள், ஊறுகாய் வாசம்தான் அடித்திருக்கும். கட்டிலில் ஒரு மனுஷி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் பாட்டிலைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அவர்களை மட்டும் சொல்லி என்ன. கேஸ் ஷீட்டில் முதல் ஆள் எழுதியதை இரண்டாம் ஆள் படிக்கிறார், மூன்றாம் ஆள் அதையே திருப்பி எழுதுகிறார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நானும் அதைத்தான் படித்தேன். நானும் கையைத்தான் தூக்கிப் பார்த்தேன். பச்சிலைக் கட்டை அவிழ்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. இரண்டு புள்ளியும் காய்ந்து உதிர்ந்துவிட்டிருந்தன. கடித்த இடம் ஆறிவிட்டது, ஆள் மட்டும் செத்துக்கொண்டிருக்கிறாள், இது என்ன விஷம் என்று எனக்கு மண்டை காய்ந்தது. அங்கிருந்த டாக்டரிடம் கேட்டேன். "சில விஷம் லேட்டா வேல செய்யும் சிஸ்டர்" என்றார். அவருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் காலையில் உடம்பு துடைக்கிற நேரம். அந்த வார்டு நர்ஸ் முகத்தையும் கையையும் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர். அண்ணியின் மேல் நாலு நாள் அழுக்கும் வியர்வையும் அப்படியே இருந்தன. துணி மாற்றக் கூடாது என்றாரே அந்த மகானுபாவர், அதே பாவாடை, அதே சேலை. குளுக்கோஸ் ஏறி வயிறு உப்பியதில் பாவாடை நாடா இடுப்பை வெட்டிக்கொண்டிருந்தது. நானே மாற்றிவிடலாம் என்று கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தேன்.

வெளியே நின்ற அண்ணன் கேட்டான். "கடிச்சது கையில. இப்ப இன்னாத்துக்கு அதெல்லாம் கயட்டிகினு இருக்கற? ஆம்பள டாக்டருங்க வராங்க போறாங்க."

"நீ மொதல்ல அந்தாண்ட போ" என்றேன்.

நாடாவைத் தளர்த்தினேன். இடுப்பில் வலது பக்கம், நாடா உட்காருகிற மடிப்பில், பீடியால் சுட்டாற்போல ஒரு கறுப்புப் பொருக்கு. சுண்டுவிரல் நகம் அளவுதான். சுற்றிலும் சிவப்பு வளையம். தொட்டேன், அண்ணி முகம் சுளிக்கவில்லை. தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

நான் அந்தத் திரைக்குள் நின்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், சத்தம் கேட்டு அடுத்த கட்டில் அம்மா எட்டிப் பார்த்தார்.

அது உண்ணிக் காய்ச்சல். ஸ்க்ரப் டைஃபஸ். மழை விட்டதும் புல்லிலும் புதரிலும் பெருகுகிற, கண்ணுக்குத் தெரியாத சின்ன உண்ணி கடித்து வருவது. நாடா, ரவிக்கை ஓரம், அக்குள், தொடை இடுக்கு என்று துணி இறுகுகிற மறைவான இடமாகப் பார்த்துக் கடிக்கும். வலிக்காது, அரிக்காது. பத்து நாள் பொறுத்துக் காய்ச்சல் வரும். கவனிக்காமல் விட்டால் ஈரல், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போகும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு வருகிறவர்களைத் தலை முதல் கால்வரை துணி விலக்கிப் பார்க்க வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரிச் சுவரிலேயே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான்.

மருந்து? டாக்சிசைக்கிளின் என்கிற பழைய மருந்து. அபூர்வமானதல்ல. எங்கள் சின்ன ஆஸ்பத்திரி அலமாரியிலேயே டப்பா டப்பாவாக இருக்கிறது. முதல் நாள் காய்ச்சலிலேயே கொடுத்திருந்தால் மூன்றாம் நாள் அண்ணி புல் அறுக்கப் போயிருப்பாள்.

திரையை விலக்கிக்கொண்டு கத்தினேன். டியூட்டியில் இருந்தது ஒரு சின்ன வயசு லேடி டாக்டர். ஓடி வந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்துப் போனது. "இதை யாருமே பாக்கலியா?" என்று கேட்டாள். கேட்டதுமே அந்த யாரும் என்பதில் தானும் உண்டு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வாதம் செய்யவில்லை. பத்து நிமிஷத்தில் மருந்து டிரிப்பில் ஏறிக்கொண்டிருந்தது. ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். ரிசல்ட் வருவதற்கு முன்பே, இரண்டாம் நாள் சாயங்காலம், காய்ச்சல் இறங்கிவிட்டது. அண்ணி கண்ணைத் திறந்து முதலில் கேட்டது உப்புப் போட்ட கஞ்சி.

அதன் பிறகுதான் என் கோபம் சாவகாசமாக வெளியே வந்தது. அதுவரை பயத்துக்கு அடியில் கிடந்தது. அண்ணனை ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை ஜனங்கள் முன்னால் வைத்துக் கிழித்தேன். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு, "இருந்தாலும் பூச்சியும் கடிச்சிதான பாப்பா" என்றான். அந்தப் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அண்ணிக்கு மாற்றுத்துணி எடுக்க ஊருக்குப் போனபோது அப்படியே வைத்தியர் வீட்டிலும் இறங்கினேன். வாசலில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். நான் உட்காரவில்லை. காய்ச்சலில் கிடந்தவளுக்கு உப்பை நிறுத்தினீர்கள், துணி மாற்றாதே என்றீர்கள், ஊசி போடாதே என்றீர்கள், செத்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"இப்ப எப்பிடி இருக்காங்க?"

"பொழைச்சிட்டாங்க."

"அதான். மூணு நாளு பத்தியம் ஒழுங்கா இருந்தாங்க இல்ல, அதனால பொழைச்சாங்க. அஞ்சு நாளு இருந்திருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்க வேணாம்."

காத்திருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். அந்த ஆளிடம் இனி என்ன பேசுவது? பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரி வரும்வரை அவருக்குச் சொல்லாமல் விட்ட பதில்களை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். எதுவும் அவரைத் தொட்டிருக்காது.

அந்தக் கொதிப்போடுதான் வார்டுக்குள் நுழைந்தேன். அண்ணி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து டம்ளரில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் முகம் தெளிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஆத்திரம்தான் வந்தது. எல்லாரையும் திட்டி முடித்துவிட்டேன், மிச்சம் இருந்தது அவள் ஒருத்தி.

"ஏன் அண்ணி, இடுப்புல இவ்ளோ பெருசா கருத்துக் கெடக்குது, உன் ஒடம்பு உனக்குத் தெரியாதா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வெக்கப்பட்டுகினே சாவப் பாத்தியே, இதுக்குப் பேரு மானமா? யாராண்டயாவது சொல்லி இருந்தா இந்தக் கதி வருமா?"

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சொன்னனே பாப்பா."

"யாராண்ட சொன்ன?"

"உன்னாண்டதான்."

கொண்டு வந்த துணிப்பையைக் கட்டிலில் வைத்தேன்.

"கையில கடிச்சிச்சே, அன்னிக்கு போன்ல" என்றாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மாடு என்றைக்குக் கன்று போட்டது என்று சொல்வதுபோல் சொன்னாள். "இடுப்புலயும் ஒண்ணு கருப்பா இருக்குது, ரெண்டு மூணு நாளா இருக்குது, வலி ஒண்ணும் இல்ல, அதுவும் பூச்சிதானான்னு கேட்டேன். நாடா அழுத்தி இருக்கும், தேங்காண்ண தடவு அண்ணி, மொதல்ல கையப் பாருன்ன. தடவினேன்."

"அப்பறம் காய்ச்சல் வந்துச்சே. வைத்தியராண்ட, டாக்டராண்ட, யாராண்டயும் காட்டலியா?"

"நர்ஸு நீயே ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட. அதுக்கு மேல நான் வேற யாராண்ட காட்டறது?"

அவள் சொன்னது பொய்யில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கையில் ஊசியோடு, ஒரு குழந்தையின் தொடையைப் பிடித்துக்கொண்டு நான் பேசியது எனக்கே அப்போதுதான் ஞாபகம் வந்தது. தேங்காயெண்ணெய் தடவு என்று சொன்ன என் குரல்கூடக் கேட்டது. போட்டோவில் கை வந்திருந்தது, அதனால் கையைப் பார்த்தேன். இடுப்பு வார்த்தையாக வந்திருந்தது, அதைக் காதில் வாங்கவில்லை. வைத்தியருக்கு ஒரு வேப்பிலை, டாக்டர்களுக்கு ஒரு பாட்டில், எனக்கு ஒரு போட்டோ. இத்தனை நாளும் இவர்களெல்லாம் அவளைப் பார்க்கவில்லை என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவள் தானாகவே வாய் திறந்து சொன்ன ஒரே ஆள் நான்.

ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் இட்லிப் பொட்டலத்தோடு உள்ளே வந்துவிட்டான்.

"இன்னா பாப்பா, இன்னும் யாரத் திட்டிகினு இருக்கற?"

அண்ணி என்னை ஒரு தடவை பார்த்தாள். "யாரையும் இல்ல. எனக்குப் புத்தி சொல்லிகினு இருக்குது" என்றாள். டம்ளரை எடுத்து மிச்சக் கஞ்சியைக் குடித்தாள்.

இதெல்லாம் ஆகி மூன்று வருடம் ஆகிறது. அண்ணனுக்கு இன்றுவரை தெரியாது. அண்ணி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டு போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருகிறேன். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே சொந்தக்காரர்கள் கூடினாலும் அண்ணன் அந்தக் கதையை எடுத்துவிடுவான். இத்தனை டாக்டர்களுக்குத் தெரியாததை எங்க பாப்பா ஒரே பார்வையில் கண்டுபிடிச்சுது, அதனாலதான் இவ உசுரோட குந்தி இருக்கறா என்பான். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு அவன் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல் வரும். அண்ணி ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும், நடந்ததைச் சொல்லி என்னைத் திட்டித் தொலைத்தால் நான் பிழைத்துப்போவேன். அவள் திட்டமாட்டேன் என்கிறாள். அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஆமா, எங்க பாப்பாதான் பாத்துது" என்கிறாள்.